கடனில் சிக்கியவர் கணவனை, மனைவியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வது: எதை முதலில், எதைப் பிறகு

கனடாவில் வங்குரோத்து (திவால்) பதிவு செய்து இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாத (வங்குரோத்திலிருந்து சட்டப்படி விடுவிக்கப்படாத) ஒருவர், தன் கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்ய முடியாது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 133-ஆம் பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது. நல்ல சம்பளம், நிரந்தர வேலை, உண்மையான கல்யாணம் எல்லாம் இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக விண்ணப்பம் மறுக்கப்படும். டிஸ்சார்ஜ் கிடைத்ததும் அந்தத் தடை நீங்கிவிடும்.

ஆகவே கடன் எவ்வளவு என்பதைவிட, எந்தத் தாளில் எந்த நாளில் கையெழுத்து வைத்தீர்கள் என்பதே இங்கே முக்கியம். ரொறன்ரோப் பக்கம் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களில் பலர், செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்திருப்பார்கள், வரிசைதான் மாறிப்போயிருக்கும். அதனால் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ காத்திருக்கும் ஒருவருக்கு ஒன்றிரண்டு வருடம் வீணாகிறது.

இந்த வழிகாட்டி கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இருப்பவர்களுக்கு. கியூபெக்கில், துணைவரைப் பராமரிப்பேன் என்று ஸ்பொன்சர் கொடுக்கும் உறுதிமொழியும் நிபந்தனைகளும் தனி.

1. உங்கள் நிலை எது என்று உறுதி செய்யுங்கள்

"நான் பாங்க்ரப்சி அடித்துவிட்டேன்" என்று சொல்லி வருகிறவர்களின் தாள்களை வாங்கிப் பார்த்தால் அது கன்சியூமர் புரோபோசலாக (கடனில் ஒரு பகுதியைத் தவணையில் கட்டும் ஒப்பந்தமாக) இருக்கும். மறுபக்கம், புரோபோசல் என்று நம்பிக்கொண்டு வங்குரோத்தில் இருப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் கையெழுத்து வாங்குவது ஒரே டிரஸ்டி (இவற்றைப் பதிவு செய்ய அரசு உரிமம் பெற்றவர்), கடன்காரர் தொல்லை நிற்பதும் ஒரே மாதிரி. அதனால் இந்தக் குழப்பம் எளிதில் வருகிறது. ஸ்பொன்சருக்கோ இரண்டும் வெவ்வேறு. வங்குரோத்து தடை, கன்சியூமர் புரோபோசல் தடை இல்லை.

டிரஸ்டி கொடுத்த முதல் தாளை எடுத்து, அதில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தாள் தொலைந்துவிட்டால், வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். 1978 முதல் கனடாவில் பதிவான எல்லா வங்குரோத்தும் புரோபோசலும் அதில் இருக்கின்றன. இது பொதுப் பதிவேடு. நீங்கள் பார்க்க முடிவதைக் குடிவரவு அதிகாரியும் பார்க்க முடியும்.

கூடவே மற்றத் தடைகளையும் இப்போதே சரிபாருங்கள். மாற்றுத்திறன் அல்லாத காரணத்துக்காக வெல்ஃபெயர் எடுப்பது, நீதிமன்றம் விதித்த பிள்ளைச் செலவுப் பணத்தைக் கட்டாமல் விட்டது, அரசு கொடுத்த குடிவரவுக் கடனில் பாக்கி, முன்பு ஸ்பொன்சர் செய்தவருக்கான உறுதிமொழியில் தவறியது ஆகியவையும் தகுதியைப் பறிக்கும். கடன் முற்றியவர்கள் வேலையும் போய் வெல்ஃபெயருக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது தடையிலும் மாட்டிக்கொள்கிறார்கள். வேலையிழப்புக் காப்புறுதிப் பணமும் பிள்ளைகளுக்கான அரசுக் கொடுப்பனவும் வெல்ஃபெயர் ஆகாது; அவற்றால் பாதிப்பில்லை.

கிரெடிட் ஸ்கோர் பற்றிக் கவலை வேண்டாம். குடிவரவுத் துறை அதைக் கேட்பதில்லை. கணவன், மனைவி ஸ்பொன்சருக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பும் கிடையாது. (உடன் வரும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு வரும்.)

2. தடை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை

விண்ணப்பம் போட்ட நாளில் மட்டும் தகுதி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முடிவு எடுக்கப்படும் நாள் வரை தகுதி இருக்க வேண்டும் என்கிறது 133. அதோடு 120-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. உங்கள் துணைவர் நிரந்தர வதிவுரிமை பெறும் அந்த நாளிலும் ஸ்பொன்சர் 133-இன் நிபந்தனைகளை நிறைவேற்றுபவராக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள்: "ஸ்பொன்சராக ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் வந்ததும் வங்குரோத்துப் பதிவு செய்யக் கூடாது. விசா ஒட்டிய பிறகும் கூடாது. துணைவர் வந்திறங்கி வதிவுரிமை உறுதியான பிறகுதான் பாதுகாப்பு. இந்த இடைவெளியில் பொறுமையிழந்து டிரஸ்டியிடம் போவதுதான் நான் பார்த்ததிலேயே அதிக வேதனை தரும் தவறு, ஏனென்றால் கரை சேரச் சில வாரங்களே இருக்கும்.

3. டிரஸ்டியைச் சந்திக்கும் முன் சேர்க்க வேண்டியவை

எல்லாக் கடன்களின் பட்டியல், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வரி மதிப்பீட்டுத் தாள்கள், கார் மற்றும் வீட்டுக் கடன் தாள்கள், வங்கிக் கூற்றுகள். இவை எல்லோரும் கொண்டு போவதுதான். நம்மவர்கள் விட்டுவிடுவது வேறு மூன்று.

முதலாவது, சீட்டும் கைமாற்றும். எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய மிச்சம், மாமாவிடம் வாங்கிய கல்யாணக் கடன், நண்பர் கொடுத்த காசு எல்லாம் கடன்தான். எல்லாவற்றையும் பட்டியலில் எழுத வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

இரண்டாவது, ஊரில் இருக்கும் சொத்து. உங்கள் பெயரில் காணியோ வீட்டில் பங்கோ இருந்தால் அது எந்த நாட்டில் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, அண்மையில் கைமாறியவை. மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு உறவினருக்கு மட்டும் கடனை அடைத்திருந்தால், 12 மாதங்கள் பின்னோக்கி அது கேள்விக்குள்ளாகலாம். நகையையோ சொத்தையோ சும்மாவோ குறைந்த விலைக்கோ சொந்தக்காரருக்குக் கொடுத்திருந்தால் ஓராண்டு, சில சூழல்களில் ஐந்தாண்டு வரை ஆராயப்படலாம். கல்யாணத்துக்கு முன் போட்ட நகை, ஊருக்கு அனுப்பிய பெருந்தொகை எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வையுங்கள். டிரஸ்டி கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

துணைவருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தின் ரசீதுகளைத் தனியாகச் சேருங்கள். அவை இரண்டு இடத்தில் தேவைப்படும். டிரஸ்டியிடம் உங்கள் செலவைக் காட்டவும், குடிவரவுத் துறையிடம் உறவு உண்மையானது என்று காட்டவும்.

4. டிரஸ்டியிடம் முதல் பேச்சிலேயே ஸ்பொன்சர் பற்றிச் சொல்லுங்கள்

வங்குரோத்தையும் கன்சியூமர் புரோபோசலையும் பதிவு செய்யும் அதிகாரம் அரசு உரிமம் பெற்ற வங்குரோத்து டிரஸ்டிக்கு மட்டுமே உண்டு. "கடன் ஆலோசகர்" என்று விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் உங்களை ஒரு டிரஸ்டியிடமே கூட்டிப் போகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். டிரஸ்டிகளின் முதல் ஆலோசனை பெரும்பாலும் இலவசம். உரிமம் உள்ளதா என்று கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

டிரஸ்டியின் வேலை கடன் சட்டம். குடிவரவுச் சட்டம் அவர் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் மாதச் செலவு குறைந்த வழி என்று வங்குரோத்தைக் காட்டுவார். அவர் அளவில் அது சரியான அறிவுரைதான். அதனால் உட்கார்ந்ததும் இதைச் சொல்லிவிடுங்கள்: "மனைவிக்கு ஸ்பொன்சர் போட்டிருக்கிறேன்" அல்லது "இந்த வருடம் போடப் போகிறேன்".

இன்னொன்று. டிரஸ்டியின் படிவத்தில் திருமண நிலை, தங்கியிருப்போர் பற்றிய கேள்விகள் வரும். துணைவர் இங்கே இல்லைதானே என்று "திருமணமாகாதவர்" என எழுதிவிடாதீர்கள். அந்தத் தாளிலும் ஸ்பொன்சர் படிவத்திலும் வெவ்வேறு விவரம் இருந்தால் உங்கள் கல்யாணத்தின் மீதே சந்தேகம் விழும்.

5. வங்குரோத்தா, புரோபோசலா

ஸ்பொன்சர் விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தாலோ, காத்திருக்க மனமில்லை என்றாலோ, முதலில் புரோபோசலைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

நீங்கள் வசிக்கும் வீட்டின் அடமானக் கடனைத் தவிர்த்து மொத்தக் கடன் 250,000 டொலரைத் தாண்டாவிட்டால் கன்சியூமர் புரோபோசல் போடலாம். கடனில் ஒரு பகுதியை, அதிகபட்சம் ஐந்து வருடத்தில், வட்டியில்லாமல் கட்டுவதாகச் சொல்கிறீர்கள். பதிவானதும் பிணையில்லாக் கடன்காரர்களின் வழக்கும் சம்பளப் பிடிப்பும் நிற்கும். கடன்காரர்களுக்கு 45 நாள் அவகாசம். மறுத்துவிட்டால் நீங்கள் தானாக வங்குரோத்து ஆகமாட்டீர்கள்; திருத்திப் போடலாம்.

கடன் 250,000-ஐத் தாண்டியவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கான புரோபோசல் வேறு வகை. அதைக் கடன்காரர்கள் நிராகரித்தால் சட்டப்படி உடனே வங்குரோத்து ஆகிவிடும். ஸ்பொன்சர் கோப்பு திறந்திருக்கும்போது அந்த வழியில் இறங்கும் முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியையும் கேளுங்கள்.

கன்சியூமர் புரோபோசலில் மூன்று மாதக் கட்டணம் தவறினால் அது ரத்தாகிவிடும். பிறகு கடன்காரர்கள் மறுபடி வருவார்கள், பெரும்பாலும் வங்குரோத்தில்தான் போய் முடியும். ஆகவே ஸ்பொன்சர் செலவையும் துணைவர் வந்தபின் கூடும் வீட்டுச் செலவையும் கணக்கில் சேர்த்து, கட்டக்கூடிய தொகையையே ஒப்புக்கொள்ளுங்கள்.

வருமானமே இல்லை, கட்ட எதுவும் மிஞ்சாது என்றால் வங்குரோத்துதான் நேர்மையான வழி. அப்போது ஸ்பொன்சரை டிஸ்சார்ஜுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

6. வங்குரோத்து என்றால் காலத்தைக் குறைக்கும் வழி

முதல் தடவை வங்குரோத்து என்றால், வருமானம் அரசு வரம்புக்குள் இருந்தால் 9 மாதத்தில் தானாக டிஸ்சார்ஜ் ஆகும். வரம்பைவிடச் சராசரியாக மாதம் 200 டொலருக்கு மேல் கூடுதலாக இருந்தால் 21 மாதம். கூடுதலில் பாதியைக் கட்டவும் வேண்டும். இரண்டாம் தடவை என்றால் 24 அல்லது 36 மாதம்.

9 மாதத்துக்கும் 21 மாதத்துக்கும் நடுவில் ஒரு முழு வருடம் இருக்கிறது. ஸ்பொன்சர் செய்ய நினைப்பவருக்கு இந்த வருடம் பெரிது. மேலதிக நேர வேலை எடுத்தால் கணக்கு எப்படி மாறும் என்று பதிவுக்கு முன்பே டிரஸ்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரம்பு ஆண்டுதோறும் மாறுகிறது, குடும்ப எண்ணிக்கையைப் பொறுத்தும் மாறுகிறது.

"தானாக" என்ற சொல்லை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு ஆலோசனை வகுப்புகளுக்குப் போக வேண்டும், மாதாமாதம் வரவு செலவுப் படிவம் கொடுக்க வேண்டும், கேட்ட வரித் தாள்களைக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் டிரஸ்டி டிஸ்சார்ஜை எதிர்க்கலாம், விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டாவது வகுப்பைத் தவறவிட்டவர்களை அடிக்கடி காண்கிறேன். பதிவு செய்த நாளிலேயே இரண்டு வகுப்புக்கும் திகதி குறித்துவிடுங்கள்.

ஏற்கெனவே 21 மாதத்தில் மாட்டியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வங்குரோத்தில் இருந்தபடியே கன்சியூமர் புரோபோசல் போடலாம். அது ஏற்கப்பட்டு நீதிமன்ற அங்கீகாரம் பெற்றால் வங்குரோத்து ரத்தாகும். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனாலும் கேட்டுப் பார்க்கத்தக்கது.

காத்திருக்கும் மாதங்களில் கல்யாணப் பதிவு, மொழிபெயர்ப்பு, படங்கள், உரையாடல் பதிவுகள், பண ரசீதுகள் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பொலிஸ் சான்றிதழை மட்டும் முன்கூட்டி எடுக்காதீர்கள். துணைவர் இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.

7. டிஸ்சார்ஜ் தாளைக் கையில் வாங்குங்கள்

9 மாதம் முடிந்த அன்றே விண்ணப்பத்தை அனுப்பிவிடத் துடிக்கும் மனம் புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், அதிலுள்ள திகதிக்குப் பிறகு விண்ணப்பம் போக வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் விண்ணப்பம் போட்ட நாளில் நீங்கள் தகுதியற்றவர்தான்.

நிபந்தனையோடு டிஸ்சார்ஜ் கிடைத்தால், அந்த நிபந்தனை நிறைவேறும் வரை நீங்கள் டிஸ்சார்ஜ் ஆனவர் அல்ல. இடைநிறுத்திய டிஸ்சார்ஜும் அப்படித்தான், குறித்த காலம் முடிய வேண்டும்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. "டிரஸ்டி டிஸ்சார்ஜ் ஆனார்" என்று ஒரு கடிதம் வரும். அது டிரஸ்டி தன் பொறுப்பிலிருந்து விடுபட்டதைச் சொல்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் அல்ல. கடமைகளை முடிக்காமல் விட்டவரின் கோப்பை டிரஸ்டி மூடிவிட்டுப் போய்விடலாம். அப்புறம் அந்த நபர் வருடக்கணக்கில் டிஸ்சார்ஜ் ஆகாத வங்குரோத்துக்காரராகவே இருப்பார், கடன்காரர்களும் மறுபடி துரத்தலாம். பத்து வருடத்துக்கு முன் வங்குரோத்துச் செய்தவர், அது எப்போதோ முடிந்தது என்று நம்பி ஸ்பொன்சர் போட்டு மறுக்கப்படுவது இப்படித்தான். பழைய வங்குரோத்து உள்ள ஒவ்வொருவரும் பதிவேட்டில் தன் டிஸ்சார்ஜ் நிலையைப் பார்த்த பிறகே விண்ணப்பம் போட வேண்டும். ஆகவில்லை என்றால் விடுபட்ட கடமைகளை முடித்து நீதிமன்றத்தில் டிஸ்சார்ஜ் கேட்கலாம். நாளாகும், ஆனால் நடக்கும்.

8. ஸ்பொன்சர் விண்ணப்பம்

ஸ்பொன்சர் நிரப்ப வேண்டிய ஐஎம்எம் 1344 படிவத்தில் டிஸ்சார்ஜ் ஆகாத வங்குரோத்து உண்டா என்ற கேள்வி வரும். டிஸ்சார்ஜ் ஆனவருக்கும் புரோபோசலில் இருப்பவருக்கும் உண்மையான பதில் "இல்லை". வெட்கத்தாலோ பயத்தாலோ "ஆம்" என்று குறித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீண் சிக்கல் வரும். டிஸ்சார்ஜ் சான்றிதழின் பிரதியையோ புரோபோசல் தாளின் பிரதியையோ, இரண்டு வரி விளக்கத்தோடு இணைத்துவிடுங்கள்.

பொய் மட்டும் எழுதாதீர்கள். உண்மையை மறைத்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் துணைவருக்கு ஐந்து வருடத் தடை விழக்கூடும். டிஸ்சார்ஜுக்கு 9 மாதம் காத்திருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

அதே படிவத்தில், நீங்கள் தகுதியற்றவர் என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவா, தொடரவா என்ற கேள்வியும் இருக்கும். திரும்பப் பெற்றால் ஸ்பொன்சர் கட்டணம் போக மற்றது திரும்பக் கிடைக்கும். தொடர்ந்தால் பரிசீலனைக் கட்டணம் போய்விடும், ஆனால் மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை கிடைக்கும். கடன் விஷயத்தில் சந்தேகம் உள்ளவர்கள் இதை யோசித்துக் குறிக்க வேண்டும்.

வரி மதிப்பீட்டுத் தாளும் கேட்பார்கள். வங்குரோத்து ஆன ஆண்டுக்கு இரண்டு வரிக் கணக்குகள் போகும்: பதிவுக்கு முந்தைய நாள் வரை ஒன்று, அதற்குப் பின் ஒன்று. இரண்டும் போயிருக்கிறதா என்று டிரஸ்டியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கட்டணம் 2024 ஏப்ரல் 30 மாற்றத்தின்படி ஸ்பொன்சருக்கு 85, பரிசீலனைக்கு 545, வதிவுரிமைக்கு 575, மொத்தம் 1,205 டொலராக இருந்தது. கைரேகைக்கு 85 தனி. இந்தத் தொகைகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன, கட்டும் நாளில் புதிய தொகையைப் பாருங்கள். இதைக் கடனட்டையில் போட்டு மறுபடி கடனைத் தொடங்க வேண்டாம்.

"அண்ணா பெயரில் ஸ்பொன்சர் போடலாமா?" என்று கேட்பார்கள். முடியாது. கணவனை, மனைவியை அவரவர் துணைவர்தான் ஸ்பொன்சர் செய்ய முடியும்.

துணைவரிடம் கடனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். நேர்காணலில் அதிகாரி உங்கள் வேலை, வீடு, பண நிலை பற்றி அவரிடம் கேட்கலாம். கோப்பில் இருக்கும் வங்குரோத்து மனைவிக்குத் தெரியாது என்றால், இவர்கள் உண்மையில் கணவன் மனைவியா என்ற கேள்வி எழும். அதைவிட, மூன்று வருட உறுதிமொழியின் நிழலில் உங்களோடு வாழ வரும் ஒருவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

9. விண்ணப்பம் நடக்கும்போது கடன் முற்றினால்

முதலில் வங்குரோத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். டிரஸ்டியிடம் போய், கன்சியூமர் புரோபோசல் சாத்தியமா என்று கேளுங்கள். சாத்தியமில்லை என்றால், துணைவர் வந்திறங்கும் வரை கடன்காரர்களைச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். கடன் வசூலிக்கும் ஏஜென்சிக்காரரின் தொலைபேசி தொல்லைதான். அதனால் ஸ்பொன்சர் விண்ணப்பம் கெடாது. நீதிமன்றத் தீர்ப்பும் சம்பளப் பிடிப்பும்கூடத் தகுதியைப் பறிப்பதில்லை.

அதற்கும் வழியில்லாமல் வங்குரோத்துப் பதிவானால், குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக உடனே தெரிவியுங்கள். நிலைமை மாறினால் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைத்துவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருந்தால் மறுப்போடு நிற்காது.

10. மறுப்புக் கடிதம் வந்தால்

துணைவர் வெளிநாட்டிலிருந்து குடும்ப வகுப்பில் விண்ணப்பித்திருந்தால், காரணம் கையில் கிடைத்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே மனிதாபிமானக் காரணங்களையும் பார்ப்பார்கள். இடையில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்று காட்டுவது பெரிய பலம். துணைவர் கனடாவிலேயே இருந்து, உள்நாட்டு வகுப்பில் போட்டிருந்தால் அந்த மேன்முறையீடு கிடையாது, மத்திய நீதிமன்றம்தான்.

மறுப்புக்கு வங்குரோத்து மட்டுமே காரணம், டிஸ்சார்ஜும் நெருங்கிவிட்டது என்றால், பெரும்பாலும் புதிதாகப் போடுவதே வேகமான வழி. கல்யாணம் உண்மையா என்ற சந்தேகமும் கடிதத்தில் சேர்ந்திருந்தால் மட்டும் புதிய விண்ணப்பத்துக்கு அவசரப்படாமல் சட்டத்தரணியைப் பாருங்கள். 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே அந்த வாரத்திலேயே.

11. துணைவர் வந்த பிறகு

அவர் வதிவுரிமை பெற்றபின் நீங்கள் வங்குரோத்துப் பதிவு செய்தாலும் அவருடைய வதிவுரிமைக்குப் பாதிப்பில்லை. உங்கள் உறுதிமொழி அவர் வதிவுரிமை பெற்ற நாளிலிருந்து மூன்று வருடம் நிற்கும். பணக் கஷ்டம் வந்தாலும், பிரிந்தாலும், அவர் குடியுரிமை எடுத்தாலும் அது முடியாது. அந்தக் காலத்தில் அவர் வெல்ஃபெயர் எடுத்தால் மாகாண அரசு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம், நீங்கள் வேறு யாரையும் ஸ்பொன்சர் செய்யும் தகுதியும் போகும்.

புரோபோசல் ஓடிக்கொண்டிருக்கும்போது துணைவர் வந்தால் அந்தக் கடன்களில் அவர் பெயர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கடனுக்கு அவர் பொறுப்பல்ல, அவராகக் கையெழுத்துப் போட்டால் தவிர. வந்த முதல் மாதத்தில் வங்கியில் கூட்டுக் கணக்கு, கூட்டு லோன் என்று எது நீட்டப்பட்டாலும், புரோபோசல் முடியும் வரை அவருடைய கணக்கு தனியாகவே இருக்கட்டும்.